லேத்தோடு என்ன கதைத்தாய்?

வணக்கம் ஐயா,

நாங்கள் திருகோணமலை பாலையூற்றில் இருக்கிறோம். மகனுக்குப் பதினேழு வயது. ஓ.எல். பாஸ், கணக்குக்கு சி. ஏ.எல். படிக்கமாட்டேன், தொழில் பயிலுனராகப் போகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நல்ல இடங்களுக்குச் சரியான போட்டி என்கிறார்கள். எங்கே, எப்படி விண்ணப்பிப்பது? படிவங்களை நானே நிரப்பி வைத்திருக்கிறேன். கடிதத்தை மகள் சாட்ஜிபிடியில் எழுதித் தந்தாள், கீழே போட்டிருக்கிறேன், திருத்தித் தாருங்கள், அவன் கையெழுத்து வைத்தால் சரி. உங்களுக்கு யாரையாவது தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவனோ எந்த நேரமும் பழைய சாமான்களோடுதான். போன மாதம் பக்கத்து வீட்டு வாட்டர் மோட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இரவு எட்டு மணிவரை சாப்பிடவும் வரவில்லை. சனம் என்ன சொல்லுமோ என்றும் யோசனையாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

போன கிழமை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் போட்டோகொப்பிக் கடையில் ஒரு தகப்பன் மேசையில் குனிந்து மகனுடைய படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். மகன் வெளியே நின்று, எங்கள் ஊர்த் தெருவில் திரிகிற மான் ஒன்று வாழைப்பழத்தோல் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொழுதுபோக்கு என்ற இடத்தில் தகப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு ‘வாசிப்பு’ என்று எழுதினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசைந்தது போலவும் இருந்தது. அந்த யோசனையோடு திரிந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே கொஞ்சம் ஏச்சும் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனம் என்ன சொல்லும் என்பதை விடுங்கள். அதே சனம்தான் வீட்டில் பைப் வெடித்தால் பிளம்பரைத் தேடித் திருகோணமலை முழுக்க அலைகிறது. சிபாரிசும் என்னிடம் இல்லை, இருந்தாலும் செய்யமாட்டேன்.

நான் சொல்ல வந்தது அந்தக் கடிதத்தைப் பற்றி. ‘நான் மிகுந்த ஆர்வமும் அர்ப்பணிப்பும் கொண்ட, சவால்களை ஏற்கும் இளைஞன்.’ தங்கச்சி, உங்கள் மகன் எப்போதாவது வாயைத் திறந்து இப்படிப் பேசியிருக்கிறானா? முழுக்கடிதத்தையும் இரண்டு தடவை வாசித்தேன். அதில் மகனைக் காணவில்லை. பெயரை மாற்றினால் மூதூரில் ஒரு பொடியனுக்கும் பொருந்தும், கிண்ணியாவில் ஒரு பிள்ளைக்கும் பொருந்தும். தேர்வுக்கு உட்காருபவர்கள் ஒரே நாளில் இந்த ‘அர்ப்பணிப்பை’ எத்தனை தரம் வாசிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இது நடந்திருக்கிறது. 1979. அப்போது சாட்ஜிபிடி இல்லை, எங்கள் பெரியப்பா இருந்தார். மாவட்டக் கச்சேரியில் கிளார்க், ஊரில் யாருக்கு இங்கிலீஷ் கடிதம் வேண்டுமென்றாலும் அவர்தான். ஒரு பெரிய வேலைத்தலத்தில் பிட்டர் பயிலுனர் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்ததும், எனக்காக நீலப் பேனையால் ஒரு பக்கம் எழுதினார். தேரோடும் வீதி மாதிரி அகலமான இங்கிலீஷ். அதில் ஒரு வரி, நான் லேத் என்கிற கடைசல் மெஷினில் ‘கன்வெர்ஸன்ட்’, அதாவது நல்ல பழக்கமுள்ளவன், என்று. நேர்முகத்தில் நடுவில் இருந்த பெரியவர் அந்த வரியில் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், தம்பி?” எனக்குத் தெரிந்தது கன்வெர்சேஷன் மட்டும்தான். “கதைக்கிறது, சேர்,” என்றேன். “அப்ப லேத்தோடு என்ன கதைத்தாய்?” மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு அவர் நல்ல மனத்தோடுதான் கேட்டார், லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுற்றுகிற சக் எந்தப் பக்கம் இருக்கும், இடமா வலமா என்று. நான் லேத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. வலம் என்றேன். அது இருப்பது இடப்பக்கம்.

பெரியப்பாவிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. அவர் சாகும்வரை, சிபாரிசு இல்லாததால் எனக்கு அந்த இடம் கிடைக்கவில்லை என்றுதான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அடுத்த வருடம் வேறோர் இடத்துக்கு நானே தமிழில் எழுதினேன். எழுத்துப்பிழையோடு முக்கால் பக்கம். அப்பாவின் சைக்கிளில் பெடலை மிதித்தால் சங்கிலி சுற்றும், பின்சில்லு நகராது. பிரீவீலைக் கழற்றினேன், உள்ளே பிடிக்கிற பல்லு தேய்ந்திருந்தது, கடையில் புதுசு வாங்கப் பணம் இல்லாததால் பழைய பிரீவீல் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டேன், அரைவாசி நாள் ஓடிற்று, பிறகு மறுபடி வழுக்கிற்று. அவ்வளவுதான் எழுதியிருந்தேன். நேர்முகத்தில் ஏன் வழுக்கிற்று என்று கேட்டார்கள். இருபது நிமிடம் அதையே கதைத்தோம். எடுத்துக்கொண்டார்கள். முதல் மூன்று மாதமும் ஓர் இரும்புக் கட்டியை அரத்தால் ராவவைத்து, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன், இல்லாவிட்டால் கோபிப்பீர்கள். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, நைட்டா என்பார்கள், அதன் மாவட்ட அலுவலகத்துக்கு அவனே போகட்டும். வேலைத்தலத்திலேயே நின்று பழகி, முடிவில் மதிப்பீடு செய்து என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருகிற முறை அது. தொழிற்பயிற்சி அதிகார சபையையும் தொழில்நுட்பக் கல்லூரியையும் விடவேண்டாம். மொறட்டுவையில் ஜெர்மன் டெக் என்கிற தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, போட்டி பலம், அதற்காகப் போடாமல் இருக்கக்கூடாது. பேப்பர் விளம்பரங்களிலும் ஒரு கண் இருக்கட்டும். ஒன்றுக்குப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் நாலைந்துக்கு ஒரேயடியாகப் போடுங்கள். தனியார் இடம் என்றால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள். இடம் எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டு வருபவனை வாசலோடு அனுப்புங்கள். பிறப்புச் சான்றிதழ், பெறுபேறு, கிராம சேவகர் கடிதம், எல்லாவற்றிலும் கொப்பி ஐந்தாறு எடுத்து வையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் அந்தத் துண்டைத் தொலைக்கவேண்டாம். ஏ.எல். இல்லாவிட்டால் கதவு மூடிவிடும் என்று பயப்படுவீர்கள். என்.வி.கியூ. நாலாம் மட்டம் எடுத்தவன் ஐந்தில் டிப்ளோமா செய்யலாம், ஏழு என்றால் அது பட்டம், அதற்கென்றே இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. சிங்களம் கொஞ்சம் கதைக்கப் பழகட்டும், நேர்முகத்துக்கும் உதவும், பிறகு வேலைத்தலத்துக்கும் உதவும். திருகோணமலையில் இருந்துகொண்டு அது வராது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே நீங்கள் முறைப்பாடாக எழுதிய அந்த வாட்டர் மோட்டர். இரவு எட்டு மணிவரை சாப்பிடாமல் இருந்து என்ன செய்தான் என்று நீங்கள் கேட்டீர்களா? உர்ர் என்று இரைந்துகொண்டு சுற்றாமல் நின்றதா? பின்விசிறியைக் குச்சியால் தட்டிவிட்டால் ஓடிற்றா? அப்படியென்றால் பெரும்பாலும் மோட்டரைச் சுற்றத் தொடக்கிவிடுகிற கப்பாசிட்டர் போயிருக்கும், அவன் அதைக் கண்டுபிடித்து மாற்றியிருப்பான். இல்லை, பெயாரிங் பிடித்துக்கொண்டதா? கடைசியில் அது ஓடிற்றா இல்லையா என்றே நீங்கள் எழுதவில்லை! நூறு ‘அர்ப்பணிப்பு’ எழுதுகிற இடத்தில் அந்த ஒரு இரவு வரவேண்டும் தங்கச்சி, அதைக் கழற்றியவனின் கையெழுத்தில்.

படிவங்களைத் திருப்பி அவனிடம் கொடுங்கள். பிழை விடட்டும், வெட்டட்டும், புதுப் படிவம் ஒன்று வாங்கட்டும். கடிதத்தை அவன் எழுதி முடித்த பிறகு மகள் எழுத்துப்பிழை பார்க்கலாம், அந்த மெஷினிடமும் காட்டலாம், அதில் எனக்கு வழக்கில்லை. அப்புறம் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். கப்பாசிட்டர்தான் மாற்றினான் என்றால் எத்தனை மைக்ரோபராட் போட்டான் என்பதும் அதில் இருக்கவேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கைவைத்தானா என்பதை மட்டும் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். கரண்ட் நின்ற பிறகும் கப்பாசிட்டர் அடிக்கும்.