வரிச்சலுகை வீடு வந்தால் ஊர் மாறிவிடுமா?

கேள்வி: அமெரிக்காவில் சின்ன ஊரொன்றில் இருக்கும் என் மச்சாள், பக்கத்துக் காணியில் வரிச்சலுகை வீடுகள் வரப்போவதாகவும் ஊர்ச் சனத்தொகையே மாறிவிடும் என்று அங்கே சண்டை நடப்பதாகவும் சொல்கிறாள். அரசாங்கக் குடியேற்றமா அது?
— வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: கந்தளாய், அல்லை என்று அரசாங்கக் குடியேற்றங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இது வேறு. அரசு ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவதில்லை. 1986 அமெரிக்க வரிச்சட்டத்தில் வந்த ஏற்பாடு இது, குறைந்த வருமானக்காரருக்கு வாடகை வீடு கட்டுபவருக்கு 10 வருடத்துக்கு வரிக்கழிவு கிடைக்கும், அதைப் பெரும்பாலும் வங்கி போன்ற முதலீட்டாளர்களிடம் கொடுத்துத்தான் கட்டுமானக் காசையே திரட்டுவார்கள், பதிலுக்குப் பொதுவாக 30 வருடம் வாடகையை ஒரு வரம்புக்குள் வைத்திருக்க வேண்டும். குடிவருபவர்கள்? அநேகமாக வட்டாரத்து இடைநிலை வருமானத்தில் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் உழைக்கும் தொகை) 60 சதவீதத்துக்குள் உழைப்பவர்கள், கடைச் சிப்பந்தி, ஓய்வூதியக்காரர் மாதிரி. இனம் பார்த்து வீடு மறுக்க அங்கே 1968 நியாய வீட்டுவசதிச் சட்டம் விடாது.

சரி, ஊர் மாறாதா? கொஞ்சம் மாறலாம். வாடகை கட்ட முடியாமல் இளசுகள் வெளியேறினாலும் மாறத்தானே செய்யும், அதை யார் எண்ணுகிறார்கள்! மச்சாளிடம் கேட்டுப் பாருங்கள், கூட்டத்தில் சத்தம் போடுபவர்கள் வாகன நெரிசலைப் பற்றிப் பேசுகிறார்களா, வரப்போகிற ஆட்களைப் பற்றியா என்று.