2012 லண்டன் ஒலிம்பிக்கில் ரஷ்யப் பெண்கள் பாட்மிண்டன் வெண்கலம் வென்றது அதிர்ஷ்டத்தால்தானா?

பாதி உண்மை. வலேரியா சொரோகினா, நினா விஸ்லோவா ஜோடி தங்கள் பிரிவில் மூன்றாவதாக முடித்தது. வழக்கப்படி அதோடு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் நாக் அவுட்டில் வசதியான எதிராளி கிடைக்க வேண்டுமென்று, சில ஜோடிகள் கடைசி லீக் ஆட்டங்களில் வேண்டுமென்றே தோற்கப் பார்த்தன. பந்தை வலையில் அடிப்பதைப் பார்த்து அரங்கமே கூச்சலிட்டது. சீனாவிலிருந்து ஒன்று, தென் கொரியாவிலிருந்து இரண்டு, இந்தோனேசியாவிலிருந்து ஒன்று என நான்கு ஜோடிகள் வெளியேற்றப்பட்டன. அப்படித்தான் ரஷ்யாவுக்குக் கால் இறுதி கிடைத்தது.

சரி, அதன் பிறகு? கால் இறுதியில் தென் ஆப்பிரிக்காவை வென்றார்கள். அரை இறுதியில் சீனாவின் தியான் சிங், சாவ் யுன்லெய் ஜோடியிடம் தோல்வி; ஆனாலும் முதல் செட் 19-21 வரை போனது. வெண்கல ஆட்டத்தில் கனடாவை 21-9, 21-10 என்று சுருட்டிவிட்டார்கள். ரஷ்யாவின் முதல் ஒலிம்பிக் பாட்மிண்டன் பதக்கம் அது.

இன்னொன்று, இவர்கள் 2010-லேயே ஐரோப்பிய சாம்பியன்கள். கதவு தற்செயலாகத் திறந்தது, அவ்வளவுதான்.