பேட்டரித் தகட்டில் ஈயம் பிடிக்கவில்லையா? சூட்டைக் கூட்டாதீர்கள்

கேள்வி: என் புளூடூத் ஸ்பீக்கரில் பேட்டரியின் சிவப்பு ஒயர் அறுந்துவிட்டது. வெள்ளி நிறப் பை மாதிரி தட்டையான 3.7 வோல்ட் லித்தியம் பாலிமர் செல். மஞ்சள் டேப்பைப் பிரித்து, செல்லின் தகட்டிலேயே சால்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் ஈயம் பிடிக்கிறது, மற்றதில் உருண்டு ஓடுகிறது. சூட்டைக் கூட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. ஈயம் பிடிக்காத அந்தத் தகடு அலுமினியம், அதுதான் பிளஸ். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு படலம் இருக்கும், சுரண்டி எடுத்தாலும் உடனே மறுபடி படிந்துவிடும். எவ்வளவு சூடாக்கினாலும் ஈயம் ஒட்டாது. சூடுதான் தகடு வழியே செல்லுக்குள் இறங்கும். உள்ளே பிளஸ்ஸையும் மைனஸையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். பாலிஎத்திலீன் தாள் என்றால் 130 டிகிரியை ஒட்டி உருகிவிடும். உங்கள் அயர்ன் நுனியோ 350 டிகிரி. தாள் உருகினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட், அப்புறம் தீதான்.

செல்லின் தகட்டை விட்டுவிடுங்கள். நீங்கள் பிரித்த டேப்புக்கு அடியில் செல்லைப் பாதுகாக்கும் குட்டி சர்க்யூட் போர்டு ஒன்று இருக்கிறதா பாருங்கள். ஒயர்கள் வரும் இடத்தில் P+, P- என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். அறுந்த ஒயரை அந்த பிளஸ் புள்ளியில் வையுங்கள். ஒயர் நுனியில் முன்பே ஈயம் பூசிக்கொண்டால் இரண்டு நொடியில் வேலை முடியும். கருப்பு ஒயரின் முனையை டேப் சுற்றி மூடிவிட்டு சிவப்பைத் தொடுங்கள். முழு சார்ஜில் இந்த வேலை வேண்டாம், 3.7, 3.8 வோல்ட்டில் இருந்தால் நல்லது.

ஒரே ஒரு விதிவிலக்கு. சில செல்களில் தொழிற்சாலையிலேயே அலுமினியத் தகட்டின் மேல் நிக்கல் பட்டை வெல்டிங் செய்திருப்பார்கள். உற்றுப் பார்த்தால் வரிசையாக அழுத்திய புள்ளிகள் தெரியும். அந்தப் பட்டையில் ஈயம் பிடிக்கும். ஆனால் பட்டை நீளமாக இருக்க வேண்டும், செல்லிலிருந்து தள்ளி இருக்கும் நுனியில் மட்டும் வைக்க வேண்டும், நடுவில் ஒரு இடுக்கியால் கவ்விச் சூட்டை அதில் இறக்க வேண்டும். கவ்வும் இடுக்கி அடுத்த தகட்டைத் தொடவே கூடாது. பட்டை குட்டையாகப் பையின் வாயை ஒட்டி நின்றால் இதையும் மறந்துவிடுங்கள். அந்த வாயை அடைத்திருப்பதும் பிளாஸ்டிக்தான். அது இளகினால் காற்று புகுந்து செல் உப்பும்.

‘அலுமினியத்துக்கும் பிடிக்கும்’ என்று ஒரு ஃப்ளக்ஸை, அதாவது ஈயம் ஒட்டுவதற்காகத் தடவும் மருந்தை, உங்கள் தலையில் கட்டுவார்கள். வாங்காதீர்கள். கடுமையான ரசாயனம் அது, மிச்சம் நின்றால் தகட்டையே அரிக்கும். சூடும் வைத்தே ஆகவேண்டும். புது செல் வாங்கலாம் என்றால் அங்கேயும் வில்லங்கம். பழைய செல்லுக்குப் புது உறை போட்டு, இருப்பதைப் போல இரண்டு மடங்கு எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவு) அச்சடித்து விற்கிறார்கள். கனெக்டர் வைத்த மாடல் என்றால் அது அச்சாகப் பொருந்தும், ஆனால் சில சமயம் சிவப்பும் கருப்பும் இடம் மாறியிருக்கும்! சொருகும் முன் மல்டிமீட்டரில் பாருங்கள். பிளஸ் எந்தப் பக்கம் என்பதில்கூட இத்தனை கம்பெனிகளும் ஒரு ஒழுங்குக்கு வராமல் இருப்பது அநியாயம். ஒரு ஒயர் அறுந்ததற்கு நீங்கள் இவ்வளவு பாடுபடுவதே, சின்னக் கனெக்டர் ஒன்று வைக்க அவர்களுக்கு மனசு வராததால்தான்.

ஒயரை வைத்த பிறகும் மீட்டர் பூஜ்யம் காட்டினால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அந்தப் போர்டு பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தித் தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கும். சார்ஜரில் போட்டால் திறக்கும். ஆனால் செல்லின் தகடுகளிலேயே அளந்து 2.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தாலோ, பை கொஞ்சம் உப்பியிருந்தாலோ சார்ஜ் போடவே வேண்டாம். முனைகளுக்கு டேப் ஒட்டி, பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.