கேஷியரும் காசும்

அன்புள்ள ஐயா,
ஆங்கில 'கேஷ்' நம் 'காசு'தான் என்று மகளின் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். நடுவர் தவறு என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். அவளுக்கு என்ன சொல்ல? காசே 'கர்ஷ' என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கர்ஷ விவகாரம் தனிச் சண்டை, இப்போது வேண்டாம். நடுவர்மேல் கோபப்படாதீர்கள். தப்பு பண்ணியது நீங்கள். அழுதது அந்தக் குழந்தை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதே வசனத்தைக் கல்லூரி மேடையில் முழங்கியவன் நான். ஏகப்பட்ட கைதட்டல். இறங்கியதும் எங்கள் தமிழாசிரியர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். "அப்போ கேஷியர் யாரப்பா? காசியரா?" அவ்வளவுதான் கேட்டார். காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு.

ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. நாம் தினமும் சொல்லும் கேஷ், பெட்டி. லத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. அது பிரெஞ்சு வழியாகப் பணப்பெட்டியாகி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியே அப்போது பிறக்கவில்லை. பிறகு பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பணத்துக்கு ஒட்டிக்கொண்டது. இதில் என்ன அதிசயம்? "இன்னிக்குக் கல்லா எவ்வளவு?" என்று கேட்பவன் மரத்தின் விலையையா கேட்கிறான்? நீங்கள் விழுங்கும் காப்ஸ்யூலும் அதே காப்ஸாவின் பிள்ளைதான், குட்டிப் பெட்டி.

இன்னொரு கேஷ் நம்முடையது. காசைப் போர்த்துகீசியர் 'கைஷா' என்று எழுதிவைத்தார்கள். கூத்தைப் பாருங்கள், அவர்கள் மொழியில் கைஷா என்றாலும் பெட்டி! அங்கே விழுந்த முடிச்சைத்தான் நீங்களும் நானும் மேடையில் இறுக்கியிருக்கிறோம். அந்தக் கைஷா ஆங்கிலத்தில் கேஷ் ஆகிச் சில்லறை நாணயத்தின் பெயராயிற்று. சென்னையில் கம்பெனி கணக்குப்படி 80 கேஷ் ஒரு 'பணம்' என்ற நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. சீனாவில் நடுவே சதுர ஓட்டை போட்ட நாணயம் உண்டல்லவா, அதற்கும் வெள்ளைக்காரன் நம் காசின் பெயரையே வைத்தான். இவ்வளவு கையில் இருக்க, அடுத்தவன் பெட்டிக்கு எதற்கு ஐயா உரிமை கொண்டாட வேண்டும்? ஒலி ஒத்துப்போனதும் சம்பந்தம் பேசிவிடுவதா?

பிள்ளைக்கு அந்த ஓட்டை நாணயத்தை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டுங்கள். அடுத்த பேச்சை அவளே எழுதட்டும்.