நீங்கள் நான்சி வார்டின் வம்சத்தில் வந்தவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான்சி வார்ட் அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான செரோக்கி மக்களின் பெண் தலைவர். அவருடைய செரோக்கிப் பெயர் நான்யெஹி. 1755இல் தலிவா போரில் கணவர் விழுந்ததும் அவருடைய துப்பாக்கியை எடுத்துப் போரிட்டவர். அதற்காகக் கிடைத்த பட்டம்தான் 'கிகாவு', அதாவது 'அன்புக்குரிய பெண்'. சபையில் பேசும் உரிமையும் கைதிகளின் உயிரைக் காக்கும் அதிகாரமும் அதோடு வந்தன. எவ்வளவு பெரிய மரியாதை!

அவருக்கு காத்தரின், ஃபைவ்கில்லர், எலிசபெத் என மூன்று பிள்ளைகள். உங்கள் வழி இவர்களில் ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும். ஆனால் தேடலை அவரிடமிருந்து தொடங்காதீர்கள், உங்களிடமிருந்து தொடங்குங்கள். நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் வரை ஒவ்வொரு பத்திரமாகப் பின்னோக்கிப் பார்ப்போமே, அதேதான். நடுவில் ஒரு தலைமுறைக்குச் சான்று இல்லையென்றால் அதற்கு மேல் எல்லாமே ஊகம்தான்.

குடும்பப் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. செரோக்கி குலம் தாய்வழியில் போவது. எலிசபெத்தின் தந்தை வெள்ளையர், ஆனாலும் அவர் தாயின் ஓநாய்க் குலத்தவர். அப்புறம், கயான் மில்லர் பட்டியலுக்காக (அமெரிக்க அரசின் இழப்பீட்டுப் பணத்துக்குத் தகுதியான செரோக்கிகளின் பட்டியல்) 1906 வாக்கில் கொடுத்த விண்ணப்பங்களைக் கட்டாயம் பாருங்கள். தாத்தா பாட்டி பெயர்கள்வரை அதில் எழுதியிருப்பார்கள்.

டிஎன்ஏ பரிசோதனை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எந்தப் பழங்குடி என்றுகூடச் சொல்லாது. செரோக்கிகளின் தன்னாட்சி அரசான செரோக்கி நேஷனின் குடியுரிமைக்கு, அமெரிக்க அரசு பழங்குடியினரைப் பதிவுசெய்த டாஸ் பட்டியலில் உங்கள் நேரடி முன்னோர் ஒருவரின் பெயர் இருந்தாக வேண்டும்.