ஆர்வோ பார்ட்டின் 'டின்டினாபுலி' இசைமுறை என்றால் என்ன?

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் (பிறப்பு 1935) உருவாக்கிய இரு குரல் முறை இது. ஒரு குரல் சுரவரிசையில் அடுத்தடுத்த சுரங்களாக நகரும். மற்றது மூன்றே சுரங்களுக்குள் நின்று, முதல் குரலின் ஒவ்வொரு சுரத்துக்கும் துணை ஒலிக்கும். மாடிப்படி ஏறும் முதியவரை நினைத்துக்கொள்ளுங்கள்: கால் படிப்படியாக ஏறுகிறது, கை அருகிலுள்ள கம்பியைப் பற்றிக்கொள்கிறது.

ஏன் இவ்வளவு சிக்கனம்? சோவியத் ஆட்சியில் அவர் நவீனச் சிக்கல்கள் நிறைந்த இசையைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். 1968இல் கிறிஸ்தவ வரிகளைக் கொண்ட 'கிரெடோ' என்ற அவரது படைப்பு அதிகாரிகளின் கோபத்தைக் கிளப்பியது. பிறகு சில ஆண்டுகள் அதிகம் எழுதாமல், கிரிகோரியன் தேவாலயப் பாடல்களில் மூழ்கினார். 1976இல் இந்தப் புதிய முறையில் 'ஃபியூர் அலீனா' என்ற சிறு பியானோ இசை வந்தது. இரண்டே பக்கம், சுரங்கள் ஒவ்வொன்றாகக் கூடி, பின் குறைகின்றன. இதைவிட எளிமையாக ஒரு திருப்புமுனை அமைந்துவிட முடியாது! 1980இல் நாட்டைவிட்டு வெளியேறி, வியன்னா வழியாக பெர்லினில் குடியேறினார். 'பாசியோ' போன்ற பெரிய குழுப்பாடல் படைப்புகளும் இதே முறையில் பிறந்தவை.

மெதுவாக ஒலிப்பதால், மனம்போன போக்கில் வாசிக்கும் தியான இசை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இரண்டாம் குரல் எந்தச் சுரத்தைத் தொட வேண்டும் என்பதைக்கூட விதியே தீர்மானிக்கிறது.