புளோரிடா ஸ்டேட் 2023: 13-0 சரியா, 13-1 சரியா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (அமெரிக்கன் ஃபுட்பால்) புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் 2023 கணக்கு 13 வெற்றி, தோல்வியே இல்லை (13-0) என்பதா, ஒரு தோல்வி (13-1) என்பதா என்பதுதான் கேள்வி. இரண்டுமே சரி. அந்த ஒரு தோல்வி, பிளேஆஃப் (தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்று, அப்போது நான்கு அணிகள் மட்டும்) அணிகளைத் தேர்ந்தெடுத்த பிறகு வந்தது. "ஒரு ஆட்டம் தோற்றதால்தான் பிளேஆஃபில் சேர்க்காமல் விட்டுவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, டிசம்பர் 3 அன்று தேர்வுக் குழு அறிவிக்கும்போது அவர்கள் 13-0, தாங்கள் ஆடும் ஏசிசி லீக்கின் சாம்பியன்.

ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதற்குக் காரணம் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர்) ஜோர்டன் டிராவிஸின் கால் முறிவு. நவம்பர் 18, நார்த் அலபாமா ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே அவரை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். முக்கிய வீரர் இல்லாததையும் கணக்கில் எடுக்கலாம் என்று குழுவின் விதியே சொல்கிறது. ஆனாலும் எனக்கு இது இன்னும் ஆறவில்லை. அவர் இல்லாமல் புளோரிடா பல்கலைக்கழக அணியை 24-15 என்று வென்றார்கள். அப்புறம் மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக், முதலாண்டு மாணவர் பிராக் கிளென்னை இறக்கி, தடுப்பாட்டத்தை நம்பியே லூயிவில்லை 16-6 என்று சாய்த்தார்கள். வேறு என்னதான் செய்ய முடியும்? ஒரு தோல்வியோடு இருந்த டெக்ஸாஸும் அலபாமாவும் உள்ளே போயின.

அந்தப் பருவத்தின் ஆட்ட அட்டவணையில் தேதி வாரியாக கடைசி வரியைப் பாருங்கள். டிசம்பர் 30, ஆரஞ்சு பவுல் (பருவ முடிவில் நடக்கும் ஒரு தனி ஆட்டம்), ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோல்வி. அதுதான் அந்த "1".

ஒன்று மட்டும்: அந்த 63-3ஐ வைத்து அணியை எடைபோடாதீர்கள். முன்னணி வீரர்கள் பலர் அன்று களமிறங்கவே இல்லை. 2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள் என்பதால், அந்தப் புதிய விதியை வைத்து 2023ஐப் பார்த்தாலும் குழப்பம்தான் வரும்.